எந்தக் கைக்கு எந்தப் பேனா

பழைய பேனா விற்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பேனா வாங்க வருவதில்லை, எழுதிப் பார்க்க வருகிறார்கள் என்பதுதான். விரலில் மை படிந்து, என்ன தேய்த்தாலும் போகாமல், அதே விரலால் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாகப் புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமும் இல்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் பேனாக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. உலகச் சண்டை வந்ததும் கப்பலில் புதுப் பேனா வருவது நின்றுபோயிற்று. அவர் பட்டாளத்துக் கணக்காபீசில் கிளார்க்காகச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். அலமாரியில் விட்டுப்போனது பத்தொன்பது பேனா. எல்லாம் யாரோ எழுதி, யாரோ கொண்டுவந்து விற்றவை. வீட்டில் விட்டுப்போனது என்னையும், ஒன்றரை வயது மகள் செல்லம்மையையும்.

பக்கத்துக் கடை என் மூத்தாருடையது, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன். வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மூட்டை அடுக்க அவருடைய கிட்டங்கியில் இடம் போதவில்லை. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழும்படி தன் மனைவியிடம் சொன்னார்: "ஓணம் வரைக்கும் பாப்போம். கடை ஓடலைன்னா நம்ம மூட்டைய அங்க அடுக்கிக்கிடலாம். அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு பூதப்பாண்டியில அப்பன் வீட்டுக்குப் போட்டும். தம்பி திரும்பி வந்தா நம்ம கிட்டங்கியில இருந்து மொளகாக் கணக்கு எழுதட்டும்."

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடை என்றால் உயிர். அண்ணனிடம் கணக்கெழுதப் பிடிக்காமல்தான் தனியாகக் கடை போட்டவர். இதை மூத்தாரிடம் யார் சொல்வது? எங்கள் வீடுகளில் மூத்தார் முன்னால் வந்து பேசுகிற வழக்கம் கிடையாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகையால் மறுநாள் காலை கடையைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதல் ஆள்

முதலில் வந்தவர் சால்வை போர்த்திய ஒரு பெரியவர். "பேனா இருக்கா?" என்றார். பதிலுக்குப் பேனாத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் சாவகாசமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பேனாவாக எடுத்தார், மையில் தோய்த்தார், முழுக் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். பக்கத்துக் கடை மிளகாய் நெடிக்கு இடையிடையே தும்மினார். தும்மினபோதெல்லாம் காகிதத்தில் ஒரு பெரிய பொட்டு. தொட்டிலில் செல்லம்மை எழுந்து அழுதாள். உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மனுஷன் பத்தொன்பதையும் முடித்துவிட்டு மறுபடியும் முதல் பேனாவுக்கு வந்திருந்தார்!

கடைசியில் எழுந்தார். சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, அலமாரிக் கதவைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எல்லாம் நல்ல பேனாதாம்மா. என் கைக்குத்தான் ஒண்ணும் ஒத்து வரல்லே."

எதை எழுதிப் பார்ப்பது?

அவர் போன பிறகு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள், ஒரே மை, ஒரே கையெழுத்து. ஆனால் ஒன்று வழுவழுவென்று ஓடியிருந்தது, அடுத்தது கோழி கிளறினது போல இருந்தது. நானே எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. எதை எழுத? என் பெயரை எழுதி, அந்தக் காகிதத்தைக் கண்ட ஆம்பிளைகளும் பார்க்கும்படி வைக்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை, எழுதுவதாவது! யோசித்து யோசித்து, கடைசியில் ஐந்து புள்ளி வைத்து ஒரு கம்பிக் கோலம் போட்டேன். அது கையை எடுக்காமல் மேலும் கீழும், இடமும் வலமும் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற கோலம்.

அப்போதுதான் தெரிந்தது. ஒரு பேனா வலப்பக்கம் வளையும்போது வெண்ணெய், இடப்பக்கம் திரும்பினதும் கரகர. இன்னொன்று மேலே ஏறும்போது மக்கர் செய்தது, இறங்கும்போது ஓடியது. போட்டு நடக்கிறவர் காலுக்கு ஏற்றபடி செருப்புத் தேய்கிற மாதிரி, பேனாவின் முள்ளும் எழுதினவர் கைக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது! அது அதே மாதிரி சாய்த்துப் பிடிக்கிற இன்னொரு கையைத்தான் தேடுகிறது. பத்தொன்பது பேனாவுக்கும் பத்தொன்பது கோலம் போட்டு, எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காகிதத்திலேயே குறித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீவராகம் பக்கத்திலிருந்து கோர்ட்டுக் கச்சேரிக்கு வேலைக்குப் போகிற குமாஸ்தா ஐயர் ஒருவர் வந்தார். எல்லாரையும் போலத் தட்டிலிருந்து எடுக்கப் போனவரிடம் ஒரு பென்சிலைத் தள்ளி, எழுதும்படி ஜாடை காட்டினேன். வினோதமாகப் பார்த்தாலும் எழுதினார். கை வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, கீழிருந்து மேலே இழுக்கிற கை. கோலக் காகிதத்தைப் பார்த்து ஒரே ஒரு பேனாவை எடுத்து வைத்தேன். அவர் ஒரு வரி எழுதினார். நிறுத்தினார். இன்னொரு வரி எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதைப் போன ஜென்மத்துலே தொலைச்சேன் போலிருக்கும்மா. எங்கேர்ந்து கண்டுபிடிச்சேள்?"

கருப்பு மாப்பிள்ளை

பேனாவின் மேல் இங்கிலீஷில் கம்பெனிப் பெயர் வெட்டியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அடையாளத்துக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். தடித்த கருப்பில் தங்கப் பட்டை கட்டினது மாப்பிள்ளை. ஒல்லியான பச்சை முருங்கைக்காய். கிளிப் ஒடிந்தது மூளி. ஒன்று எப்படி வைத்தாலும் நனைத்துவிடும், அதற்குக் கைக்குழந்தை என்று பெயர். இதெல்லாம் எனக்கும் செல்லம்மைக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலேஜ் மாணவர் ஒருவர் வந்து ஏதோ கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் மறுபடி உரக்கச் சொன்னார். உரக்கச் சொன்னால் மட்டும் விளங்கிவிடுமா? பதற்றத்தில் என் வாயிலிருந்து, "மாப்பிள்ளையா, மூளியா?" என்று வந்துவிட்டது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. அவர் விடவில்லை, ஒவ்வொரு பெயராகக் கேட்டார். கைக்குழந்தை என்றதும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து ஆறு பேர் வந்து நின்றார்கள். ஒருவருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டியிருக்கவில்லை. முன்னால் நின்றவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "அக்கா, மாப்பிள்ளைய யாரும் கொத்திக்கிட்டுப் போயிடலியே?"

டீச்சரின் கை

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்தாள். மலையாளத்துக்காரி, எங்களிடம் பேசும்போது தமிழைக் கலந்து பேசுவாள். பென்சிலைக் கொடுத்தேன். வலது கையால் எழுதினாள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எறும்பு ஊர்கிற வேகம். நான் எடுத்துக் கொடுத்த மூன்று பேனாவும் கரகரவென்றன. ஒரு தவறும் இல்லாத பேனாக்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொன்று எடுக்கத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது, அவள் இடது கைச் சுண்டுவிரல் ஓரம் முழுக்க மை! இடது கையால் எழுதி, எழுதி முடித்த வரி மேல் கை இழுபட்டால்தான் அங்கே மை படியும்.

சொல்வதா, வேண்டாமா? கடையில் வேறு யாரும் இல்லை. மெதுவாக, "மற்ற கையால எழுதிப் பாருங்க டீச்சர்" என்றேன். அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றினாள். எல்லாப் பேனாவும் ஓடுகிற பக்கத்துக்கு நேர் மாறாக ஓடி என்னைக் குழப்பிக்கொண்டிருந்த முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தில் மழை பெய்கிற மாதிரி எழுதினாள். பிள்ளைகள் இடது கையால் எழுதினால் பிரம்பால் அடித்துத் திருத்துவது அவள் வேலை என்று பிறகுதான் சொன்னாள். பேனாவைப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு, குனிந்து என் காதில் சொன்னாள்: "ஆரோடும் பறயண்டா, யாருகிட்டயும் சொல்ல வேண்டாம், கேட்டோ. ஸ்கூல்ல எழுதுறதுக்கு வலது கைக்கு ஒண்ணு வேறே வேணும்."

மனைவிக்கு ஒரு பேனா

வக்கீல் குமாஸ்தா ஒருவர் தன் மனைவிக்குப் பேனா வேண்டும் என்றார். மனைவி கடைத்தெருவுக்கு வரமாட்டாளாம். அப்படியானால் அவள் கையால் நாலு வரி எழுதி வாங்கி வாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். வரிகளைப் பார்த்து நல்ல பேனாவாகப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பினேன். கடைத்தெருவுக்கே வராத பெண் ஒருத்திக்கு நான் கொடுத்த முதல் பேனா. அன்றைக்கு இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் தானே வந்துவிட்டாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. எனக்குக் கூச்சம், அவளுக்கு அதைவிடக் கூச்சம். நான் ஒரு காகிதத்தில் ஐந்து புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டு, பாதிக் கோலத்தில் எனக்குத் தெரியாத ஒரு வளைவு போட்டுக் காட்டினாள். அவளுக்கு ஏற்ற பேனா அந்த வளைவிலேயே தெரிந்துபோயிற்று. போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்: "அந்த நாலு வரியும் அவங்களே எழுதினதுதான். பேனாவும் அவங்க கைக்கு அருமையாத்தான் எழுதுது, அவங்களே வச்சுக்கட்டும்."

பூதக்கண்ணாடிக்காரர்

ஆடி மாசம் மூத்தார் ஆள் விட்டு என் கடையின் நீள அகலத்தைக் கயிறு போட்டு அளந்துகொண்டு போனார். எத்தனை மூட்டை கொள்ளும் என்று வாசலில் நின்று உரக்கப் பேசினார்கள். ஓணத்துக்கு ஒரு மாசம்கூட இல்லை. கடை முன்னைக்கு இப்போது நன்றாக ஓடியது. பேனா வாங்க வருகிறவர்கள் தங்களுக்கு ஒத்து வராத பழைய பேனாவை விற்றுவிட்டும் போனதால் தட்டு காலியாகவே இல்லை. ஆனால் பெயர் பரவினால் கூடவே சோதிக்கிறவர்களும் வருவார்கள் இல்லையா?

வந்தார் ஒருவர். கோட்டு, தொப்பி, கையில் பூதக்கண்ணாடி. பேனா விஷயத்தில் தமக்குத் தெரியாதது இல்லை என்று அவரே சொன்னார். கோலம் போட்டுப் பேனா பார்ப்பதாவது, சுத்த அடுக்களை வேலை என்றார். பையிலிருந்து ஐந்து பேனாவை எடுத்து வரிசையாக வைத்தார். "எல்லாம் என் பேனா. தினமும் எழுதறது. இதில் என் கையைப் பற்றி என்ன தெரிகிறது, சொல்லு பார்க்கலாம்" என்றார். கடையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பேனாவைக் கோலமாவு எடுக்கிற விரலாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோலம் போட்டேன். நாலு பேனா ஒரே பக்கம் ஓடின. ஐந்தாவது எல்லாவற்றிலும் பெரிது, தங்கத் தகடு போட்டது. அது எந்தப் பக்கமும் ஓடவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூர்மையாகக் கீறியது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்படியேதான்.

"நாலும் உங்க கைதான். இதுல யாரும் இன்னும் எழுதவே இல்லை" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, வாசலில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு தணிந்த குரலில் ஒத்துக்கொண்டார்: "அது கல்யாண வீட்டுக்குப் போறப்ப சட்டைப் பையில குத்திக்கிறதுக்கு மட்டும்தாம்மா."

உத்திராடம்

ஓணத்துக்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று என் கடையிலும் வரிசை நின்றது. பேனா பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன். வாசலில் மூத்தார். கையில் பெரிய பூட்டு. பின்னால் சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர். சொன்ன நாள் வந்துவிட்டது. அவர் இரண்டு எட்டு உள்ளே வைப்பதற்குள் வரிசையில் நின்ற தபாலாபீஸ்காரர் ஒருவர், அவர் யார் என்று தெரியாமல், கையை நீட்டி மறித்துவிட்டார். "அண்ணாச்சி, ரேஷன் கடையில மட்டுந்தான் வரிசையா? இங்கயும் உண்டு. பின்னால போங்க."

கடையைப் பூட்ட வந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பூட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எட்டாவது ஆளாகப் போய் நின்றார். ஏழு பேருக்கு நான் என்ன பேனா கொடுத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. அவர் முறை வந்தது. தலை குனிந்தபடியே காகிதத்தையும் ஒரு பேனாவையும் தள்ளி வைத்தேன். அவர் மூட்டைச் சீட்டில் எழுதுகிற 'வத்தல் முதல் தரம்' என்பதையே எழுதத் தொடங்கினார். முள் இரண்டாகப் பிளந்து காகிதம் கிழிந்தது. அடுத்த பேனா சட்டையில் மையைத் தெளித்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

கோணிச் சாக்கில் கட்டைத் தூரிகையால் அடையாளம் எழுதி எழுதிப் பழகின கை அது. நெட்டுக்குத்தாகப் பிடித்து, தோளின் பாரத்தையெல்லாம் இறக்குகிற கை. அந்த வாரம்தான் தம்பானூர் ரயிலடியிலிருந்து பார்சல் குமாஸ்தா ஒருவர் ஒரு பேனாவை விற்றுவிட்டுப் போயிருந்தார். மூன்று கார்பன் தாளுக்கு அடியிலும் பதியும்படி வருஷக்கணக்காக அழுத்தி எழுதின பேனா. ஆணி மாதிரி முள். வேறு யார் எடுத்தாலும் விரல் வலிக்கும். அதை எடுத்து வைத்தேன். இரண்டு பேனாவைக் கெடுத்துவிட்ட பயத்தில் அவர் அதை நுனி விரலால், பூவைத் தொடுகிற மாதிரி பிடித்தார். மை இறங்கவே இல்லை. பேனாவைக் கீழே வைக்கப் போனார். வைத்துவிட்டால் அடுத்தது பூட்டுத்தான்.

"அதுல அழுத்தலாம், அத்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு குனிந்து, தோளைக் கொடுத்து அழுத்தினார். 'வத்தல் முதல் தரம்' கருகருவென்று விழுந்தது. அதற்குக் கீழே 'இரண்டாம் தரம்' எழுதினார். பிறகு கடையின் பெயர், தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர், எழுதிக்கொண்டே போனார். காகிதம் நிறைந்ததும் திருப்பிப் போட்டு எழுதினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கின பிறகுதான் எழுந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற சுமைக்காரர்களிடம் சொன்னார்: "மொளகாய்க்கு வேற எடம் பாத்துக்கிடலாம், போங்கடே."

சண்டை முடிந்து வீட்டுக்காரர் திரும்பி வந்து இப்போது அவர்தான் கடையில் உட்காருகிறார், வருகிறவர்கள் அவரிடம் மரியாதையாக "அம்மா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, நான் சாப்பிட்டு வரும்வரை ஸ்டூலில் காத்திருக்கிறார்கள்.